வலம்புரிப் புளி

ரசத்தில் கரையும் அமிலம்தான் திராட்சை மதுவிலும் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையிலும் விமானத் தகட்டிலும் அதற்கு வேலை உண்டு. மூலக்கூறுக்கும் இடம் வலம் உண்டு என்று உலகத்துக்குக் காட்டிய டார்டாரிக் அமிலத்தின் கதை.

‘எலுமிச்சை அளவு புளி’ என்று தொடங்காத குழம்புக் குறிப்பு தமிழில் அபூர்வம். அந்த உருண்டை சுமார் 30 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். புளியின் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம். ஆக, நாலு பேர் சாப்பிடும் குழம்பில் இரண்டரை கிராமிலிருந்து ஐந்தரை கிராம் வரை அந்த அமிலம் இறங்குகிறது. மளிகைக் கடையில் இதே அமிலத்தை வெள்ளைத் தூளாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, ‘புளிக்குப் பதில் இதில் ஐந்து கிராம் போடுங்கள்’ என்று சொன்னால் வாங்குவோமா? ‘ஐயோ, கெமிக்கல்!’ என்று கடையை விட்டு இறங்கிவிடுவோம்.

இந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பாதி இல்லை. எந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்ல, பழங்களில் விளையும் அமிலங்களிலேயே இதைவிடத் தோதான ஒன்று கிடையாது.

பழுத்தாலும் குறையாத புளிப்பு

மாங்காய் பழுத்தால் புளிப்பு ஓடிவிடுகிறது. புளியங்காய் பழுத்தாலும் புளிக்கிறது. செங்காய்ப் பருவத்தைத் தாண்டி ஓடு கழன்று நிற்கும் பழத்தில் இனிப்பும் தெரிகிறதே என்றால், சர்க்கரை கூடியதால்தான். அமிலம் குறைந்ததால் அல்ல. பெரும்பாலான பழங்கள் பழுக்கும்போது தங்களிடம் உள்ள அமிலத்தையே எரிபொருளாக எரித்துத் தீர்க்கின்றன. டார்டாரிக் அமிலத்தை அப்படி எரிக்கச் செடிகளுக்கு லேசில் முடிவதில்லை. உருவானது உருவானபடியே தங்கிவிடுகிறது.

திராட்சையிலும் இதே கதைதான். அதில் மாலிக், டார்டாரிக் என்று இரண்டு அமிலங்கள் உண்டு. பழுக்கப் பழுக்க மாலிக் கரைந்துபோகும், டார்டாரிக் நிற்கும். இந்த அமிலத்தைத் திராட்சைக் கொடி வைட்டமின் சி-யை உடைத்துத் தயாரிக்கிறது. அந்தப் பாதையின் முக்கியமான நொதி ஒன்றை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 2006-இல்தான். மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுவைத்துவந்த புளிப்புக்குச் செடி என்ன சமையல் செய்கிறது என்பது அவ்வளவு தாமதமாகவே தெரியவந்தது.

உலகில் இந்த அமிலத்தை இவ்வளவு தாராளமாகச் சேர்த்து வைக்கும் பழங்கள் மிகக் குறைவு. புளியும் திராட்சையும் அவற்றில் முக்கியமானவை. ஒன்று ஆப்பிரிக்காவில் தோன்றி நம் சாலையோரங்களில் நிழல் தரும் பெருமரம். மற்றொன்று மேற்கு ஆசியாவில் மனிதன் பழக்கிய கொடி. தாவரக் குடும்பத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமிலத்தில் மட்டும் ஒன்று.

தொல்லியலாளர்களுக்கு இந்த அமிலம் ஒரு சாட்சி. ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் தெப்பேயில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுப் பழமையான மண்ஜாடிகளின் அடியில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு படிந்திருந்தது. அதை வைத்துத்தான் அங்கே மது இருந்தது என்று பேட்ரிக் மக்கவர்ன் குழு 1996-இல் எழுதியது. ஜார்ஜியாவில் கிடைத்த இன்னும் பழைய ஜாடிகளுக்கும் 2017-இல் அதே சோதனைதான் சாட்சி சொன்னது. அந்த நாடுகளில் திராட்சையைத் தவிர இந்த அமிலத்துக்கு வேறு மூலம் அநேகமாக இல்லை என்பதால் வாதம் நிற்கிறது. நம் ஊர்ப் பானை ஓட்டில் இதே தடயம் கிடைத்தால் மதுவா, புளிக்குழம்பா என்று வழக்காடித்தான் தீர்க்க வேண்டும்.

பீப்பாயின் அடியில் கிடந்த கசடு

திராட்சை மதுவைப் பீப்பாயில் ஊற்றிக் குளிரில் விட்டால் சுவரிலும் அடியிலும் மணல் போலக் கசடு படியும். அது பொட்டாசியம் பைடார்ட்ரேட். சுத்தம் செய்தால் கேக் செய்கிறவர்கள் வாங்கும் ‘கிரீம் ஆஃப் டார்டர்’. முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது நுரை அடங்காமல் நிற்கவும், சர்க்கரைப் பாகு கட்டி தட்டாமல் இருக்கவும் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். சமையல் சோடாவுடன் சேர்ந்தால் பழைய பாணி பேக்கிங் பவுடர்.

இந்தக் கசடிலிருந்து அமிலத்தை முதலில் பிரித்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஆண்டு 1769. சுவீடனில் மருந்துக்கடையில் வேலை பார்த்த இளைஞர். கசடைச் சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்துக் கொதிக்கவைத்தார். கால்சியம் டார்ட்ரேட் படிந்தது. அதில் கந்தக அமிலத்தை ஊற்றினார். கால்சியம் ஜிப்சமாக ஒதுங்க, டார்டாரிக் அமிலம் கரைசலில் நின்றது. பிற்பாடு 1784-இல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும், 1785-இல் மாலிக் அமிலத்தையும் பிரித்துக் காட்டியவரும் இவரே. பழங்களின் புளிப்பை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கும்படி செய்த ஷீலே 43 வயதில் இறந்துபோனார்.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிரான்சிலும் மதுக் கழிவிலிருந்து டார்டாரிக் அமிலம் எடுக்கும் ஆலைகள் இன்றைக்கும் சாரத்தில் ஷீலேயின் வழியைத்தான் பின்பற்றுகின்றன: சுண்ணாம்பு, பிறகு கந்தக அமிலம், மிச்சம் ஜிப்சம்.

இடுக்கியும் இரண்டு குவியலும்

இனிதான் கதையின் நடுநாயகம். 1820-ஐ ஒட்டி, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள தான் என்ற ஊரில் டார்டாரிக் அமிலம் தயாரித்த கெஸ்ட்னர் ஆலையில் ஒரு விசித்திரம் நடந்தது. வழக்கமான அமிலத்தோடு இன்னொன்றும் கிடைத்தது. சேர்மானம் அதே, அணுக்களின் எண்ணிக்கை அதே. ஆனால் கரையும் அளவு வேறு. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒளியில் இருந்தது. வழக்கமான அமிலத்தின் கரைசல், தன்னூடே செல்லும் முனைவாக்கப்பட்ட ஒளியை வலப்பக்கம் திருப்பும். புது அமிலம் ஒளியை எந்தப் பக்கமும் திருப்பவில்லை. இரண்டின் சோடியம் அம்மோனியம் உப்புகளும் படிக வடிவத்தில் ஒன்றே, ஒளியைத் திருப்புவதில் மட்டும் வேறு என்று ஜெர்மானிய வேதியியலாளர் மிட்ஷர்லிக் 1844-இல் எழுதினார். ஒரே பொருள் எப்படி இரண்டு விதமாக நடந்துகொள்ளும்?

1848-இல் பாரிஸில் 25 வயது லூயி பாஸ்டர் அந்தப் படிகங்களை உற்றுப் பார்த்தார். மிட்ஷர்லிக் கவனிக்காத ஒன்று அவர் கண்ணில் பட்டது. படிகங்களின் ஓரத்தில் ஒரு சிறு சரிவு. சிலவற்றில் வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் போல, ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றொன்று. பாஸ்டர் பொறுமையாக இடுக்கியால் அவற்றைப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது. மற்றொன்று அதே அளவு இடப்பக்கம் திருப்பியது. சம அளவில் கலந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, ஒளி நேராகச் சென்றது.

ஒளியின் இந்தத் திருகலை ஆராய்வதில் அன்றைக்குப் பெரியவர், எழுபது வயதைக் கடந்திருந்த ழான் பாப்டிஸ்ட் பியோ. இளைஞரின் பேச்சை அவர் உடனே நம்பவில்லை. தன்னிடமிருந்த அமிலத்தைக் கொடுத்து, தன் கண் முன்னாலேயே சோதனையைச் செய்யச் சொன்னார். பிரித்த படிகங்களைத் தானே கரைத்துத் தானே அளந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

பாஸ்டருக்கு வானிலையும் கைகொடுத்தது. அந்த உப்பு சுமார் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படிந்தால்தான் இரண்டு வகைப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேல் இரண்டும் ஒரே படிகத்துக்குள் கலந்துவிடும். இதே சோதனையைச் சென்னையில், மே மாதத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் செய்திருந்தால் பொறுக்குவதற்கு எதுவுமே கிடைத்திருக்காது.

அடுத்த கண்டுபிடிப்பு இதைவிட ஆழமானது. கலப்பு அமிலத்தின் உப்புக் கரைசலில் பென்சிலியம் பூஞ்சை வளர்வதை பாஸ்டர் கவனித்தார். பூஞ்சை வலம்புரியை மட்டும் தின்றது, இடம்புரியைத் தொடவில்லை. அணுக்களின் கணக்கில் இரண்டும் ஒன்று. உயிருக்கு இரண்டும் ஒன்றில்லை. சங்கில் வலம்புரி அபூர்வம். டார்டாரிக் அமிலத்தில் புளியும் திராட்சையும் தருவது வலம்புரியை மட்டுமே.

மூலக்கூறு வெறும் எழுத்துச் சூத்திரம் இல்லை, நீள அகல உயரம் கொண்ட உருவம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வளர்ந்தது. 1874-இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் கார்பனின் நான்கு கைகளை வெளியில் விரித்துக் காட்டினார்கள். அதன் பிறகும் எது உண்மையில் இடம், எது வலம் என்று அணு அளவில் யாருக்கும் தெரியவில்லை. எமில் ஃபிஷர் ஒன்றை அனுமானமாக எடுத்துக்கொண்டு படம் வரைந்தார். அறுபது ஆண்டுகள் உலகமே அதை வைத்து எழுதியது. 1951-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பைவூட் குழு எக்ஸ் கதிர்களால் நேரே பார்த்துச் சொன்னது: ஃபிஷர் போட்ட குருட்டுக் கணக்கு சரி. அவர்கள் சோதித்த படிகமும் டார்டாரிக் அமிலத்தின் உப்புதான். சோடியம் ருபிடியம் டார்ட்ரேட்.

இசைத்தட்டும் நீர்மூழ்கியும்

பிரான்சின் லா ரொஷெல் துறைமுகத்தில் 17-ஆம் நூற்றாண்டு மருந்தாளுநர் செனியெத் தயாரித்த பேதி உப்பு ஒன்று உண்டு. சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட். ஊர்ப் பெயராலேயே ரொஷெல் உப்பு. வயிற்றைக் கழுவ வந்த இந்த உப்பு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு காதுக்கு வந்து சேர்ந்தது. 1880-இல் ழாக், பியேர் க்யூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று கண்டார்கள். அவர்கள் சோதித்தவற்றில் குவார்ட்ஸோடு ரொஷெல் உப்பும் இருந்தது. அதன் விளைவோ மிகவும் வலுவானது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோசப் வாலசெக் இதே படிகத்தில்தான் ஃபெரோ மின்தன்மையை முதன்முதலாகக் கண்டார்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலிவு விலை கிராமபோன்களின் முள் முனையிலும் மைக்ரோபோன்களிலும் இந்தப் படிகம் இருந்தது. முள்ளின் அதிர்வு படிகத்தை அழுத்த, மின்சாரம் பிறந்து, பாட்டு ஒலித்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் கடற்படை நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்கும் கருவிகளுக்காக இந்த உப்பைத் தேடியது. யமனாஷி பகுதியின் மது ஆலைகள் குடிப்பவர்களுக்காக அன்றி, பீப்பாய்க் கசடுக்காக மது தயாரித்த காலம் அது. ரொஷெல் உப்புக்கு இரண்டு பலவீனம்: ஈரம் ஆகாது, சுமார் 55 டிகிரி வெப்பத்திலேயே சிதைந்துவிடும். வலுவான பீங்கான் வகைப் பொருள்கள் வந்ததும் அதன் காலம் முடிந்தது.

குத்துவிளக்கும் ஃபெலிங் கரைசலும்

வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கப் புளியை எடுப்பது எதற்கு? பித்தளையின் மேல் படிந்த களிம்பை அமிலம் கரைக்கிறது. அதோடு டார்ட்ரேட்டுக்கு இன்னொரு திறமை உண்டு. செம்பு அயனிகளை இறுகப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும். தேய்த்த அழுக்கு மறுபடி படியாமல் தண்ணீரோடு போய்விடும்.

இதே பிடிமானத்தை ஜெர்மானியர் ஹெர்மன் ஃபெலிங் 1849-இல் சோதனைச் சாலைக்குக் கொண்டுவந்தார். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் ஃபெலிங் ஏ, ஃபெலிங் பி என்று இரண்டு புட்டிகளைக் கலந்தவர்களுக்கு அந்த ஆழ்ந்த நீலம் நினைவிருக்கும். ஒரு புட்டியில் மயில்துத்தம். மற்றொன்றில் காரத்தோடு ரொஷெல் உப்பு. டார்ட்ரேட் இல்லாவிட்டால் காரக் கரைசலில் செம்பு உடனே படிந்து சோதனை கெட்டுவிடும். குளுகோஸ் சேர்த்துச் சூடாக்கினால் செங்கல் சிவப்பு வீழ்படிவு. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று மருத்துவர்கள் நெடுங்காலம் பார்த்தது இப்படித்தான்.

விளக்குக்கு நல்லதாக இருக்கிற குணம் குழம்புக்கு ஆபத்து. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளியை ஊற்றிக் கொதிக்கவைத்தால் செம்பு குழம்பில் இறங்கும். வீட்டுப் பெரியவர்கள் ஈயம் பூசுகிறவர் தெருவில் வரும்வரை பித்தளைச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, புளிக்குழம்புக்கு மண்சட்டியையும் கல்சட்டியையும் எடுத்ததன் வேதியியல் இதுதான்.

மருந்திலும் சுவரிலும்

இந்தியாவுக்கு இந்த அமிலத்தோடு ஒரு மருத்துவக் கடனும் உண்டு. ஆன்டிமனி பொட்டாசியம் டார்ட்ரேட் என்ற நச்சு உப்பைக் கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாருக்கு ஊசியாகக் கொடுக்கலாம் என்று 1915-இல் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் காட்டினார். பிழைத்தவர்கள் பலர், பக்கவிளைவுகளால் வதைபட்டவர்களும் பலர். அந்த உப்பின் குறைகளைக் கண்டுதான் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமின் என்ற, இன்னும் நல்ல ஆன்டிமனி மருந்தை உருவாக்கினார்.

இன்றைய மருந்துக்கடையில் டார்ட்ரேட் தானே மருந்தாக இல்லாமல் மருந்தின் துணையாக வருகிறது. ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால் அட்டையில் பலவற்றில் ‘டார்ட்ரேட்’ என்று அச்சிட்டிருக்கும். மருந்து நன்றாகக் கரையவும், கெடாமல் படிகமாக நிற்கவும் உப்பு வடிவம் உதவுகிறது. மருந்து மூலக்கூறுகளின் இடம்புரி வலம்புரியைப் பிரிக்கவும் இந்த அமிலத்தையே வடிகட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். பேரி ஷார்ப்லெஸ் 1980-இல் அறிவித்த புகழ்பெற்ற ஆக்ஸிஜனேற்ற முறையில், வேண்டிய பக்கத்து மூலக்கூறை மட்டும் வடிக்கும் வேலையைச் செய்வது டார்டாரிக் அமிலத்தின் எஸ்டர். அந்த வழியில் செய்த பணிக்காக 2001-இல் அவர் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கட்டட வேலையில் ஜிப்சம் பூச்சு சட்டென்று இறுகிவிட்டால் கொத்தனாருக்குச் சுவரைச் சமன் செய்ய நேரம் இருக்காது. சிறிதளவு டார்டாரிக் அமிலம் கலந்தால் இறுகுவது தாமதமாகும். ஆலையில் ஜிப்சத்தைக் கழித்துப் பெற்ற அமிலம், சுவரில் மீண்டும் ஜிப்சத்தோடு சேர்கிறது. விமானத் தொழிலிலும் இடம் பிடித்துவிட்டது. அலுமினியத் தகடுகள் அரிக்காமல் இருக்க முன்பு குரோமிக் அமிலத் தொட்டியில் முக்குவார்கள். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. ஏர்பஸ் போன்ற நிறுவனங்கள் அதற்கு மாற்றாக டார்டாரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டிக்கு மாறியிருக்கின்றன.

பெட்டிச் செய்தி: எந்தப் புளிப்பு, எந்த எண்?

பாக்கெட்டின் பின்புறம் ‘அசிடிட்டி ரெகுலேட்டர்’ என்று போட்டு அருகில் ஓர் எண் இருக்கும்.

330: சிட்ரிக் அமிலம். எலுமிச்சை, ஆரஞ்சின் புளிப்பு.
296: மாலிக் அமிலம். ஆப்பிளின் புளிப்பு. ராணிப்பேட்டையில் திருமலை கெமிக்கல்ஸ் நிறுவனம் இதை ஆலையில் தயாரிக்கிறது.
334: டார்டாரிக் அமிலம். புளி, திராட்சையின் புளிப்பு.
270: லாக்டிக் அமிலம். தயிரின் புளிப்பு.
260: அசிட்டிக் அமிலம். வினிகரின் புளிப்பு.

மீன் குழம்புக்குப் போடும் குடம்புளி (இலங்கையில் கொறுக்காய்) பெயரில் மட்டுமே புளிக்குச் சொந்தம். அதன் முக்கிய அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் என்பதை 1965-இல் லூயிஸ், நீலகண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை நிறுவியது.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து அதே அமிலம்

புளியிலிருந்தும் டார்டாரிக் அமிலத்தைப் பிரிக்கலாம். ஆனால் அதன் சர்க்கரையும் பெக்டினும் கரைசலைப் பிசினாக்கிப் படிகமாக விடாமல் படுத்தும். தவிர, நம் ஊரில் புளிக்கு அடுப்படியிலேயே நல்ல விலை. மதுக் கசடோ கழிவு. அதனால் தொழில் அந்தப் பக்கம் சாய்ந்தது.

பிறகு வேதியியல் ஆலைகள் வந்தன. பெட்ரோலியப் பொருள்களிலிருந்து கிடைக்கும் மேலெயிக் அன்ஹைட்ரைடை ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரியச் செய்து டார்டாரிக் அமிலம் தயாரிக்கலாம். இந்த வழியில் முழுக்கக் குடுவையிலேயே செய்தால் கிடைப்பது இடமும் வலமும் சரிபாதி கலந்த அமிலம். கடைசிப் படியை மட்டும் ஒரு பாக்டீரியாவின் நொதியிடம் ஒப்படைத்தால் வலம்புரி மட்டும் கிடைக்கும். சீனாவின் மலிவான டார்டாரிக் அமிலத்தால் ஐரோப்பிய மதுக் கழிவு ஆலைகள் ஆட்டம் கண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அதன் மேல் கூடுதல் வரி போட்டது. மதுவில் சேர்ப்பதற்கு விவசாய மூலத்திலிருந்து எடுத்த அமிலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். நாவுக்கும் சாதாரணச் சோதனைக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். மூலத்தைக் காட்டிக்கொடுப்பது கதிரியக்கக் கார்பன்: நேற்றுப் பழுத்த பழத்தில் அது இருக்கும், கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த எண்ணெயில் இருக்காது.

எவ்வளவு சாப்பிடலாம்?

இடம் வலம் என்பது வெறும் படிப்பாளிகளின் விளையாட்டு இல்லை என்பதற்கு உணவுச் சட்டமே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அனுமதிப்பது வலம்புரி அமிலத்தை மட்டுமே. கலப்பு அமிலத்தின் கால்சியம் உப்பு எளிதில் கரையாது. எலிகளில் நடந்த சோதனைகளில் அது சிறுநீரகத்தில் தங்கியது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, வலம்புரி வகைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருந்தது. 60 கிலோ ஆளுக்கு அது 1.8 கிராம். குழம்பும் ரசமும் சாப்பிடும் தமிழர் அதைச் சர்வசாதாரணமாக எட்டிவிடுவார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் எல்லாவற்றையும் மறுபடி அலசி, வரம்பை 240 மில்லிகிராமாக உயர்த்தியது. நாம் சாப்பிடும் டார்டாரிக் அமிலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. மீதியைக் குடலின் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன.

நாய்களின் கதை வேறு. திராட்சையும் உலர்திராட்சையும் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்பது நெடுநாள் புதிர். கிரீம் ஆஃப் டார்டர் தின்ற நாய்களிடமும் அதே அறிகுறிகளைக் கண்ட அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள், டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் எழுதினார்கள். புளியும் அவர்களுடைய சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. மிஞ்சிய புளியோதரையை வீட்டு நாய்க்கு வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுவது நல்லது.

‘கெமிக்கல் கலக்காதது’ என்று விளம்பரம் செய்யும் புளிப் பேஸ்ட் பாட்டிலிலும் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. இல்லாவிட்டால் அது புளியே இல்லை. மறுபக்கம், பெட்ரோலியத்திலிருந்து பிறந்து நொதி வழியாக வந்த வலம்புரி அமிலத்தைக் குடலின் நுண்ணுயிர் பழத்து அமிலமாகவே எடுத்துக்கொள்ளும். அதே ஆலையில் நொதியைத் தவிர்த்துச் செய்த கலப்பு அமிலத்தை உடல் அப்படி ஏற்காது. நாம் இயற்கையா செயற்கையா என்று கேட்டுக் கொண்டிருக்கிறோம். பாஸ்டரின் பூஞ்சை 19-ஆம் நூற்றாண்டிலேயே அதைவிடக் கூர்மையான கேள்வியைக் கேட்டது: எந்த உருவம்? அதோடு ‘எவ்வளவு’ என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். உணவுப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் எவருக்கும் இந்த இரண்டு கேள்விகளும் ‘கெமிக்கல்’ என்ற ஒற்றைச் சொல் மிரட்டலைவிட அதிகம் பயன்படும்.